மூலை முடுக்கும் முந்நூறு சதுர அடியும்

சென்ற இதழில் மழைக்காலத்தில் அரிசி பருப்பை வண்டும் பூஞ்சையும் அணுகாமல் காப்பது பற்றி எழுதியிருந்தோம். அதன் தொடர்ச்சியை இவ்விதழில் எழுதக் கருதியிருந்த வேளையில், சயான் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. தம் பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் அவருடையதாயினும் கேள்வி இந்நகரில் வாழும் நம்மவர் பலருடையது. ஆதலால் வண்டும் பூஞ்சையும் ஒரு திங்கள் பொறுத்திருக்கட்டும்.

அம்மையாரின் குடும்பம் சால் ஒன்றில் ஒற்றை அறையில் பல்லாண்டு வாழ்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கோலி, மூலையில் மோரி, தலைக்கு மேலே, மராட்டியர் போட்மாளா என்று சொல்லும் பலகைப் பரண். அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டுப் புதிதாக எழும்பியிருக்கிறது. அதில் ஒன்பதாவது மாடியில் 300 சதுர அடி வீடு இவர்களுக்குக் கிடைக்கப் போகிறது. தை பிறந்ததும் பால் காய்ச்சுவதாக எண்ணம். கணவர், தாம், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு மகன், எழுபத்து நான்கு வயதான மாமியார் ஆக ஐவர். மரவேலைக் கடைக்காரர் ஒருவர் கைப்பேசியில் வண்ணப்படமாக ஒரு திட்டம் காட்டியிருக்கிறார். வளைந்த பெரிய சோபா, சுவர் முழுதும் தொலைக்காட்சி அலமாரி, விளக்குகள் ஒளிரும் பொய்க்கூரை, மேற்பலகையைத் தூக்கிச் சாமான் வைக்கும் கட்டில், கூரையைத் தொடும் துணி அலமாரி யாவும் அதில் உள்ளன.

“எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அத்தைக்கு மட்டும் இடம் குறிக்கப்படவில்லை. கேட்டதற்கு, சமையலறையை ஒட்டி இரண்டரை அடி ஒடுக்கம் ஒன்று வீணாகக் கிடக்கிறது, அதில் மடக்குக் கட்டில் போட்டுவிடலாம் என்கிறார். அத்தையோ, எனக்கென்ன, ஒரு பாய் போதும் என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?” இதுவே கடிதத்தின் சாரம்.

‘எனக்கு ஒரு பாய் போதும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வது முறையன்று. பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்பதற்காகச் சொல்லும் சொல் அது. எழுபத்து நான்கு வயதில் தரையிலிருந்து எழுந்திருப்பது எத்துணை கடினம் என்பதை அவர்கள் முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

அளவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1995-இல் தொடங்கிய குடிசைச் சீரமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி என்று வைத்தார்கள். பின்னர் அது 269 ஆயிற்று. அதன்பின் 300 ஆயிற்று. பம்பாய் வளர்ச்சித் துறை 1920-களில் கட்டிய பி.டி.டி. சால்களில் ஓர் அறைக்கு 160 சதுர அடி. அங்கிருந்தவர்களுக்கு இப்பொழுது 500 சதுர அடி வீடுகள் எழும்புகின்றன. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதற்கட்டமாக 556 குடும்பங்கள் சாவி பெற்றன. ஆகவே சால் வாழ்விலிருந்து மாடி வீட்டுக்குப் பெயர்வது ஒரு குடும்பத்தின் கதையன்று. பெயர்கின்றவர்கள் யாவரும் கிடைத்த கூடுதல் இடத்தை முதலில் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் சோபாவுக்கே கொடுக்கிறார்கள்.

நூற்றிருபது சதுர அடியில் ஐவர் எப்படி வாழ்ந்தார்கள்? இதை எண்ணிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அந்த அறையில் தரையில் நிலையாக நின்ற பொருள்கள் மிகச் சில. பாய் சுருட்டி மூலையில் நிற்கும். டிரங்குப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவற்றின்மேல் விரிப்பை இட்டால் அதுவே இருக்கை. ஈரத் துணி கப்பியில் ஏறிக் கூரையோடு ஒட்டிக்கொள்ளும். தரை எப்பொழுதும் மனிதருக்கென்றே காலியாக இருந்தது.

இது பம்பாய் கற்றுத்தந்த வித்தையும் அன்று. நெல்லைச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் ஊர் வீட்டிலேயே இதை அறிந்திருந்தனர். மோரும் வெண்ணெயும் உறியில் தொங்கும். குழந்தையின் தூளி உத்திரத்தில் தொங்கும். குழந்தை விழித்ததும் சேலையைச் சுருட்டி மேலே செருகிவிடுவார்கள். அரிவாள் இறவாரத்தில் இருக்கும். ஒரு பானைக்குரிய இடத்தில் ஐந்து பானைகள் அடுக்கி நிற்கும். சுவரின் கனத்தைக் குடைந்து விளக்கு மாடம் அமைத்தார்கள். கதவையே எடுத்துக்கொள்வோம். மூன்றடி அகல ஒற்றைக் கதவு திறந்து மூடுவதற்குத் தரையில் ஏறத்தாழ 7 சதுர அடியைத் தனக்கென்று கேட்கிறது. அதே வாயிலுக்கு ஊர் வழக்கப்படி இரட்டைக் கதவு இட்டால் மூன்றரைச் சதுர அடி போதும். பெருக்கிப் பார்க்க விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம். நாம் இருமுறை பார்த்தோம்.

ஆனால் பழைய வித்தை யாவும் புதிய வீட்டில் செல்லா. முக்கியமாகப் போட்மாளா செல்லாது. அம்மையாரின் கணவர் புதிய வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பரண் அடித்துவிட்டால் கீழே இடம் மிஞ்சும் என்று கருதுகிறாராம். பழைய சால்களில் கூரை உயரமாக இருந்தது. மேலே பிள்ளைகள் குனிந்தாவது நடமாடினார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மக்கள் வாழும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. அது ஒன்பதடி. இக்காலக் கட்டடங்கள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே நின்றுவிடுகின்றன. மனிதர் புழங்கும் இடைத்தளம் அமைக்க வேண்டுமாயின் அதற்கே 2.2 மீட்டர் உயரம் வேண்டும் என்பதும் அத்தொகுப்பின் விதி. மேலே 2.2, கீழே 2.2 என்றால் பதினான்கடிக்கு மேல் போகிறது. ஒன்பதடியில் இது நடவாது. ஒன்பதடிக் கூரையின் கீழே பரண் அடித்தால், கீழே நிற்பவர் தலை தப்ப விட்டபின் மிஞ்சுவது இரண்டடிக்கும் குறைவு. தீபாவளி அண்டாவும் கொலுப்படியும் அங்கே உறங்கலாம்; பிள்ளைகள் உறங்கலாகாது. கோடையில் கூரையடியில் வெக்கை தேங்குவதையும் சால்வாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பொய்க்கூரையைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதடியில் அரையடியை விலை கொடுத்துக் குறைத்துக்கொள்வானேன்?

நாள்தோறும் ரயிலோடு பழகும் நமக்கு, சிற்றிடத்தில் பலர் வாழும் கலைக்கு ரயில் பெட்டியைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறு தெரியவில்லை. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்கப்பட்டது. அங்கே உருவான பழைய வகைப் படுக்கைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். எட்டு எட்டாக ஒன்பது பிரிவுகளில் 72 பேர் ஊர் வரையில் படுத்து வந்தோம். பகலில் முதுகு சாயும் பலகை இரவில் நடுப்படுக்கை. பக்கவாட்டில் எதிரெதிரே இருவர் அமரும் இரண்டு இருக்கைகள் சாய்ந்து ஒன்றானால் ஒருவர் படுக்கலாம். இருக்கையின் அடியில் பெட்டி படுக்கை. சன்னலோரத்தில் மடங்கும் சிறு தட்டு.

இதில் தச்சு வேலையைக் காட்டிலும் வியக்கத்தக்கது ஒன்று உண்டு. நடுப்படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில்தான் விரிக்கலாம் என்பது ரயில்வே விதி. அந்த நேரம் தவிர அந்த இடம் கீழே அமர்பவர்களுக்கு உரியது. ஓரிடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் ரயில்வே, எந்த நேரத்தில் என்று திருப்பிக் கேட்கிறது. நம் வீடுகளில் ‘இடம் இல்லை’ என்ற பூசல் எழும்போதெல்லாம், இடம் போதாததைவிட ஒரே நேரத்தில் மூவர் அதைக் கேட்பதே காரணமாக இருப்பதைக் காண்கிறோம். மாலை ஏழு மணிக்கு மகளுக்குப் படிக்க இடம் வேண்டும். மகனுக்குத் தொலைக்காட்சி வேண்டும். பாட்டிக்குக் காலை நீட்ட வேண்டும். காலை பதினொரு மணிக்கு அதே வீடு முழுதும் காலியாகக் கிடக்கிறது.

ரயில்வே ஓரிடத்தில் அளவு மீறிப் போனதையும் சொல்லிவிட வேண்டும். 2006-இல் தொடங்கிய கரீப் ரத் வண்டிகளில் பக்கவாட்டில் இரண்டு படுக்கைகளுக்குப் பதிலாக மூன்றை அமைத்தார்கள். பின்னர்ச் சாதாரணப் படுக்கைப் பெட்டிகள் சிலவற்றிலும் அவ்வாறே செய்தார்கள். கணக்கில் ஒரு பெட்டிக்கு ஒன்பது பேர் கூடினர். அந்தப் பக்க நடுப்படுக்கையில் படுத்தவர் எழுந்து உட்கார இயலாது, புரள இயலாது, கீழே இருப்பவருக்கும் தலை நிமிராது. மக்கள் முறையிடவே, சாதாரணப் பெட்டிகளிலிருந்து அதைச் சில ஆண்டுகளிலேயே எடுத்துவிட்டார்கள்.

கடைக்காரர் சொல்லும் இரண்டரை அடி ஒடுக்கம் நம் பார்வையில் அந்தப் பக்க நடுப்படுக்கையே ஆகும். வீணாகக் கிடக்கும் மூலை பொருளுக்கு ஆகும். ஆளுக்கு ஆகுமா என்பதை மூன்று கேள்விகளால் அறியலாம். அங்கே படுப்பவர் எழுந்து நேராக உட்கார முடியுமா? சன்னல் காற்று அவர்மேல் படுமா? இரவில் யாரையும் எழுப்பாமல், யாரையும் தாண்டாமல் அவர் குளியலறைக்குப் போய்வர முடியுமா? அம்மையார் அனுப்பியுள்ள கோட்டுப்படத்தைப் பார்த்தால் அந்த ஒடுக்கம் இம்மூன்றிலும் தேறவில்லை.

சமையலறையை ஒட்டி யாரையும் படுக்கவைக்கக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து பரவும். தரையிலும் தாழ்ந்த கட்டிலிலும் உறங்குபவரை முதலில் அடைவது அதுவே. சிலிண்டரை அலமாரிக்குள் அடைப்பவர்கள் கதவின் அடிப்பாகத்தில் காற்றுத் துளைகள் விடுவது இதன் பொருட்டே. குழாய்வழி வரும் இயற்கை வாயு இதற்கு மாறானது. காற்றைவிட இலேசாகையால் மேலே ஏறும். அத்தகைய வீட்டில் மேற்புறத்தில் காற்றுப்போக்கு வேண்டும். புதிய வீட்டில் எது வரப்போகிறது என்பதைக் கேட்டறிந்துகொண்டு அலமாரியை அமைப்பது நன்று.

இனி, அத்தைக்கு இடம் எங்கே என்பதைச் சொல்வோம். கூடத்தில், சன்னல் சுவரை ஒட்டி. ஆம், சோபா வைப்பதாகத் திட்டமிட்டிருக்கும் அதே இடத்தில்.

கணக்கைப் பாருங்கள். வளைந்த சோபா 25 சதுர அடிக்குக் குறையாது. ஆறேகால் அடிக்கு ஐந்தடி இரட்டைக் கட்டில் 31 சதுர அடி. இவ்விரண்டும் சேர்ந்து வீட்டில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகின்றன. இவற்றில் சோபாவை அறவே நீக்கிவிட்டு, ஆறேகால் அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட ஒரு மரத்திண்ணையை அமைத்தால் 16 சதுர அடிக்குள் முடிந்துவிடும். பகலில் வந்தவர் மூவர் அமரலாம். இரவில் அது பாட்டியின் படுக்கை. மெத்தையோடு சேர்த்து ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும். அடியில் இழுக்கும் பெட்டிகள் வைக்கலாம். ஆனால் முன்புறத்தில் தரையோடு நாலு விரற்கடை உள்வாங்கி அமைக்கச் சொல்லுங்கள். எழுந்திருப்பவர் குதிகாலைப் பின்னுக்கு இழுத்து ஊன்றினால்தான் எழ முடியும். இதைக் கடைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். விளக்கின் பொத்தான் படுத்தபடியே கைக்கு எட்டட்டும். சுவருக்குச் சுவர் ஒரு கம்பி மாட்டித் திரைச்சீலை தொங்கவிட்டால், உடை மாற்றவும் கண்ணயரவும் அவருக்கென்று ஒரு மறைவு உண்டாகும். அந்தத் திரைக்கு இருநூறோ முந்நூறோ ரூபாய்தான் ஆகும். அதற்கு ஈடான மதிப்புடைய பொருள் அக்கடைக்காரரின் படத்தில் வேறொன்றும் இல்லை என்போம்.

வீட்டின் நல்ல இடத்தை முதியவருக்குக் கொடுப்பது மிகையென்று யாரேனும் கருதினால், ரயில்வே 60 வயதான ஆடவருக்கும் 45 வயதான பெண்டிருக்கும் இயன்றவரையில் கீழ்ப்படுக்கை ஒதுக்குவதை நினைவூட்டுகிறோம். முன்பின் அறியாத பயணிக்கே அந்த மரியாதை.

இப்பொழுது ஒரு சிக்கல் எழும். தொலைக்காட்சியும் அதே கூடத்தில் இருக்கிறது. இதைத் தச்சர் தீர்க்க மாட்டார். கால அட்டவணைதான் தீர்க்க வேண்டும். இரவு ஒன்பதரைக்குக் கூடம் பாட்டிக்கு உரியதாகட்டும். அதற்குமேல் கிரிக்கெட் பார்க்க விரும்பும் தந்தையார், காதில் செருகும் கருவியோடு கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். அம்மையாரின் கணவர் இதைப் படித்து நம்மைக் கடிந்துகொண்டாலும் குற்றமில்லை.

மகளின் படிப்புக்கு உள்ளறை. அங்கே இரட்டைக் கட்டிலைத் தவிர்த்து, சுருட்டும் மெத்தையையோ மடக்குக் கட்டிலையோ கொண்டால் மாலை ஆறு முதல் பத்து வரையில் அந்த அறை முழுதும் அவளுக்குக் கிடைக்கும். அடுத்த மார்ச்சில் பொதுத் தேர்வு எழுதும் பெண்ணுக்குக் கதவை மூடிக்கொண்டு படிக்க நாலு மணி நேரம் கிடைப்பது சிறிய காரியமன்று. சன்னலருகில் சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை ஒன்று, இரண்டடிக்கு ஒன்றரை அடி, போதுமானது. தரையில் அமர்ந்து எழுதும் பழக்கமுடைய பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டா. ஊரில் கணக்கப்பிள்ளைகள் வைத்திருந்த சாய்வு மேசையைப் போல ஒன்று செய்து கொடுங்கள். மேலே எழுதலாம், மூடியைத் தூக்கினால் உள்ளே புத்தகம் வைக்கலாம், வேலை முடிந்ததும் திண்ணையடியில் தள்ளலாம். மகன் எங்கே படுப்பான் என்று அம்மையார் கேட்கவில்லை. பதினொரு வயதுப் பையன் எங்கே வேண்டுமானாலும் படுப்பான்.

அலமாரிகளைப் பற்றி. கடைக்காரர் இரண்டடி ஆழம் வைத்திருக்கிறார். அது கோட்டும் சட்டையும் கொக்கியில் தொங்கவிடுபவர்களுக்குரிய ஆழம். சேலையையும் வேட்டியையும் மடித்து வைக்கும் நமக்கு ஒன்றேகால் அடி போதும். ஆறடி நீள அலமாரியில் முக்கால் அடி ஆழத்தைக் குறைத்தால் நாலரைச் சதுர அடி தரை மீள்கிறது. ஒருவர் அமர்ந்து உண்ண அது தாராளம். வெளிச்சுவரோடு அலமாரியை ஒட்டி நிறுத்த வேண்டா. ஆனி ஆடி மழையில் பின்பலகை பூத்துவிடும். இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, கால்கள்மேல் நிறுத்தித் துடைப்பம் உள்ளே போய்வரும்படி செய்யுங்கள். குழாயடிப் பலகைக்கு மட்டுமேனும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகையைக் கேட்டு வாங்குங்கள். நாள்தோறும் எடுக்கும் பொருள் முழங்காலுக்கும் தோளுக்கும் இடையில் இருக்கட்டும். பரணில் இருப்பதை எடுக்க வீட்டிலுள்ள இளையவர் ஏறட்டும். பாட்டி முக்காலிமேல் ஏறலாகாது. தொலைக்காட்சிப் பெட்டி இக்காலத்தில் சுவரில் ஆணியடித்து மாட்டும் பொருளாகிவிட்டது. அதற்கு ஓர் அலமாரி வேண்டும் என்பது பழைய காலத்துத் தடித்த பெட்டியின் நினைவு போலும்.

சமையலறையில் கடைக்காரர் சொல்லும் அடுக்கறை முறையை நாம் பழிக்கமாட்டோம். அதன் பிறப்பில் ரயிலுக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்மணி 1926-இல் ஒரு சமையலறையை வகுத்தார். ரயிலின் உணவுப் பெட்டியில் ஒடுங்கிய அறையில் நின்றபடியே பலருக்குச் சமைப்பதைக் கண்டு, அதை முன்மாதிரியாகக் கொண்டார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நம் கணக்கில் 70 சதுர அடி. தானியத்துக்கு இழுப்பறைகள், மடங்கும் பலகை, எல்லாம் கையெட்டும் தொலைவில். அந்நகரில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. ஆயினும் பின்னாளில் அதைக் குறை கூறியவர்கள், ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறையில் இல்லத்தரசியைத் தனியே அடைத்துவிட்டது என்றனர். இந்தக் குறையை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். நம் சமையல் ஒருவர் வேலையன்று. ஒருவர் அடுப்படியில் நிற்க, ஒருவர் அமர்ந்து கீரை ஆயவோ தேங்காய் துருவவோ வேண்டும். மேடையின் ஒரு முனையில் கீழ் அலமாரியை விட்டுவிட்டு, ஒரு முக்காலி நுழையும்படி வெற்றிடம் வைத்தால் அத்தை அங்கே வந்து உட்காருவார். பேச்சுத் துணையும் ஆயிற்று.

சில எச்சரிக்கைகள். சுவரைக் குடைந்து மாடம் அமைக்கும் ஆசை எழலாம். ஊர் வீட்டுச் சுவர் கனமானது. இக்காலத்து உயர்ந்த கட்டடங்கள் பலவற்றில் அலுமினிய அச்சில் சுவரையும் கூரையையும் ஒருங்கே கான்கிரீட்டில் வார்க்கிறார்கள்; அங்கே சுவர்தான் தூண். அதைக் குடைவதும் உடைப்பதும் கூடவே கூடாது. 2017 ஜூலையில் காட்கோபரில் குடியிருப்புக் கட்டடம் ஒன்று இடிந்து 17 பேர் மாண்டனர். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் தூண்களில் கைவைத்ததே காரணம் என்று குற்றச்சாட்டு எழுந்தது. இடம் பெருக்கப் போய் மேல்வீட்டாரின் உயிருக்கு ஊறு விளைவிக்கலாகாது.

சாலில் கேலரி நமக்கு அரை வீடாக இருந்தது. செருப்பு, சைக்கிள், தண்ணீர்ப் பீப்பாய், சில வீடுகளில் தாத்தாவின் கட்டில்கூட அங்கேதான். அந்த நினைவில் புதிய கட்டடத்தின் நடைவழியிலும் அலமாரி வைப்பவர்கள் உண்டு. ஒன்பதாவது மாடியில் தீ என்று குரல் எழுந்தால் இருட்டிலும் புகையிலும் ஓட இருப்பது அந்த ஒரே வழி. அதுபோலவே சன்னலுக்கு வெளியே கம்பிக்கூடு அடித்து அதைச் சிறு பண்டசாலையாக்குவோர், கூட்டின் ஒரு பகுதியேனும் உள்ளிருந்து திறக்கும்படி அமைக்க வேண்டும். பூந்தொட்டிகளைக் கூட்டின் விளிம்பில் வைக்க வேண்டா; கீழே நடப்பவர்களும் நம்மவர்களே. குளியலறைக் கதவு வெளிப்புறம் திறப்பதாகவோ நகர்த்துவதாகவோ இருப்பது நலம். உள்ளே முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும். உள்ளறை இரண்டு சதுர அடி மீள்வது அதில் கூடுதல் ஆதாயம்.

கடிதத்தின் கடைசி வரியில் அம்மையார், ஊரிலிருந்து அத்தை கொண்டுவந்த அம்மியையும் சிறிய உரலையும் புதிய வீட்டுக்குக் கொண்டுபோவதா, பழைய சாமான்காரனுக்குப் போடுவதா என்று வினவியிருக்கிறார். அம்மியைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஒன்றரை அடிக் கல். மேலே சொன்ன வெற்றிடத்தில் முக்காலிக்குப் பக்கத்தில் சுவரோரமாகக் கிடக்கும். அரைப்பது இழுப்பு வேலையாகையால் கீழ்வீட்டுக்கு ஓசை போகாது. உரல் அப்படியன்று. ஒன்பதாவது மாடியில் உலக்கை விழுந்தால் எட்டாவது மாடிக்குக் கேட்கும். கீழே குடிவருபவர் யார் என்று அறிந்து, முதல் நாள் இடித்த முறுக்கு மாவில் பாதியை முறுக்காகச் சுட்டு அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு, அதன்பின் உரலை வைத்துக்கொள்வதா வேண்டாவா என்று முடிவு செய்யலாம்.

பால்கனி இல்லாத வீட்டில் அடைமழை நாளில் துணி உலர்த்துவது எவ்வாறு என்று முலுண்டு அன்பர் கேட்டிருப்பதற்கு அடுத்த இதழில், வண்டு பூஞ்சையோடு சேர்த்து எழுதுவோம்.